யானைப் பெட்டி அக்கா

அக்காவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கே இருந்தாலும் போன் போட்டு, "ஏனுங்க தம்பி, எம்பட பேரு இல்லாம அந்தக் கதை நிக்காதுங்களா?" என்று கேட்பார். நிற்காது என்று நான் சொன்னால், அப்படியானால் கதையில்தான் ஏதோ கோளாறு என்று சொல்லிவிடுவார். எதற்கு வம்பு?

அன்னூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் பதினைந்து வருடம் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொண்டவர் அக்கா. நான் கோயமுத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவில் இருப்பவன். லினக்ஸ் எனக்குக் கொஞ்சம் வரும். கொஞ்சம் என்று அடக்கத்துக்குச் சொல்கிறேன். எங்கள் ஊர் லினக்ஸ் ஆர்வலர் குழுவில் யாருடைய மெஷின் படுத்தாலும் முதல் போன் எனக்குத்தான் வரும், அதில் எனக்குப் பெருமையும் உண்டு. அந்தக் குழுவில் ஒரு நாள் முன்பின் தெரியாத ஒரு எண்ணிலிருந்து செய்தி வந்தது.

"வணக்கமுங்க. மில்லுல பழைய சர்வர் ஒண்ணைத் தூக்கிப் போடறாங்க. கேட்டேன், குடுத்துட்டாங்க. தொண்டாமுத்தூருப் பக்கம் யானை எறங்குனா தோட்டத்துக்காரங்களுக்குப் போன் போட்டுச் சொல்ற மாதிரி ஆக்கிப்போடலாமுங்களா? எனக்குப் பாதிதான் தெரியும். மீதி தெரிஞ்சவங்க வாங்க."

மீதி தெரிந்தவன் நான்தான் என்று உடனே கை தூக்கினேன். அடுத்த ஞாயிறு நான்கு பேர் அக்கா சொன்ன தோட்டத்தில் கூடினோம். அது அக்காவின் சித்தி மகள் சரசு வீடு. சரசுவின் கணவர் ரங்கசாமி தென்னையும் வாழையும் சின்ன வெங்காயமும் போட்டிருந்தார். உர மூட்டை வைத்திருந்த அறையில் ஒரு மூலையைக் காலி செய்து, கீழே நான்கு செங்கல், அதன் மேல் பலகை, பலகை மேல் சர்வர். பக்கத்தில் ஒரு பழைய திரை, ஒரு கீபோர்டு. அதோடு சிம் கார்டு போட்ட மோடம் ஒன்றைப் பொருத்தினோம். யானையைப் பார்த்தவர் அந்த எண்ணுக்குக் கூப்பிட்டு எந்தப் பக்கம் என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். உடனே பெட்டி அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லும். சாயங்காலம் ரங்கசாமி சோதனைக்குக் கூப்பிட்டார். எங்கள் நான்கு பேர் போனும் அந்த அறையில் ஒன்றன்பின் ஒன்றாக அடித்தபோது நாற்பத்து நாலு வயசில் நான் குதித்தேன். வெட்கமாகவே இல்லை.

ஆனால் அதற்கு முன்பே அக்காவோடு எனக்கு இரண்டு சண்டை முடிந்திருந்தது.

முதல் சண்டை, பெட்டியை எங்கே வைப்பது என்று. ஒழுங்கான கரண்டும் இணையமும் உள்ள என் வீட்டில் வைக்கலாம் என்றேன். யாருக்குத்தான் அந்த யோசனை வராது? அக்கா கூடாது என்று தலையை ஆட்டினார். "யானை உங்க ஊட்டுக்கா வருது? யாருக்கு வேணுமோ அவங்க கைக்கு எட்டற எடத்துல இருக்கோணுமுங்க. நாளைக்கு நீங்க ஊடு மாத்திப்போட்டுப் போனா?"

இரண்டாவது, பெட்டிக்குள் நுழையும் சாவி பற்றி. நாங்கள் எல்லாம் அவரவர் வீட்டில் இருந்துகொண்டு இந்தப் பெட்டியைப் பராமரிக்கப் போகிறவர்கள். எட்டுப் பேர், ஒருவர் மஸ்கட்டில். எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவோம், வேலை சுலபம் என்றேன். சம்பளம் இல்லாத வேலைக்கு இத்தனை கட்டுப்பாடா என்று எனக்கு எரிச்சல். அக்கா ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிச் சாவி என்று ஒரே பிடியாக நின்றார்.

"அப்பத்தானுங்க யாரு என்ன செஞ்சாங்கன்னு தெரியும்."

"தெரிஞ்சு? திட்டறதுக்கா?"

"இல்லீங்க. கூப்புட்டுக் கேக்கறதுக்கு."

சரசுவுக்கும் ஒரு சாவி கொடுத்தார். சரசு பத்தாவது வரை படித்தவர், கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. "பால் கறக்கறவங்களுக்கு எதுக்கக்கா ரூட் பர்மிஷன்?" என்று நான் கேட்டுச் சிரித்தேன். ரூட் என்றால் அந்தப் பெட்டியில் எதையும் மாற்றும் முழு உரிமை. அக்கா சிரிக்கவில்லை. "நானும் பால் கறக்கறவதானுங்க" என்றார். உண்மைதான். வீட்டில் மூன்று மாடு. அவரோடு போனில் பேசும்போதெல்லாம் பின்னால் பால் பாத்திரத்தில் விழும் சத்தம் கேட்கும். கட்டளையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நடுவில் "த்தே, காலை எடு" என்பார். அது எனக்கா மாட்டுக்கா என்று முதல் மாதம் எனக்குக் குழப்பமாகவே இருந்தது.

அக்காவின் வேலையில் சாமர்த்தியம் என்று ஒன்றும் பெரிதாக இருக்காது. நான் ஒரு வரியில் முடிப்பதை அவர் ஆறு வரியில் செய்வார். அந்த ஆறு வரியையும் யார் வேண்டுமானாலும் படித்துப் புரிந்துகொள்ளலாம். பெட்டிக்குள் நுழைந்ததும் திரையில் அவர் எழுதி வைத்த வரவேற்பு வரும்: "வாங்க. சாப்டீங்களா? கீழ இருக்கறதைப் படிச்சுப்போட்டு அப்பறம் தொடுங்க." கீழே, கடைசியாக வந்தவர்கள் செய்த வேலைகள். ஒவ்வொருவரும் தொடும் முன் என்ன செய்யப் போகிறோம், தப்பானால் எப்படித் திருப்புவது என்று எழுத வேண்டும். மஸ்கட் அன்வர் பாய், உக்கடத்துக்காரர், எங்கே போனாலும் ஆங்கிலத்தில்தான் எழுதுவார். இரண்டே வாரத்தில் அவரும், "மோடத்தை ஒரு தடவ அணைச்சுப் போட்டேனுங்க" என்று எழுத ஆரம்பித்துவிட்டார்.

போனில் ஒலிக்கும் எச்சரிக்கைக்கு நான் குரல் கொடுத்தேன். "யானைகளின் நடமாட்டம் காணப்படுகிறது, பொதுமக்கள் பாதுகாப்பாக இருக்கவும்." வானொலித் தரம் என்று எனக்கு நினைப்பு. அக்கா கேட்டுவிட்டு, "நல்லா இருக்குதுங்க. ஆனா லோனு வேணுமான்னு கேக்கறாங்கன்னு பாதியிலயே கட் பண்ணிப்போடுவாங்க" என்றார். சரி, உங்கள் குரலைக் கொடுங்கள் என்றேன். மாட்டேன் என்றுவிட்டார். சரசுவைப் பேச வைத்தார். "ஏனுங்க, ஓடைப் பக்கம் யானை நிக்குதுங்க. அந்தப் பக்கம் போகாதீங்க." ஒன்பது வினாடி. அந்தப் பகுதி முழுக்கத் தெரிந்த குரல், யாரும் கட் பண்ணவில்லை. பெட்டிக்கு யானைப் பெட்டி என்று அவர்களே பெயர் வைத்துவிட்டார்கள்.

எதை எடுத்தாலும் அக்காவிடம் ஒரு கேள்வி வரும்: "நான் இல்லைன்னா?" புது நிரல் போட்டால், நான் இல்லைன்னா இதை யாரு பாப்பாங்க? எண்களின் பட்டியலை மாற்றினால், நான் இல்லைன்னா எங்க இருக்குதுன்னு தெரியுமா? காது புளித்துவிடும். ஒரு தடவை கேட்டே விட்டேன், உடம்புக்கு ஏதாவது என்று. "தும்மல் கூட இல்லீங்க. மில்லுல மிசினு நின்னா என்னைத்தான் கூப்புடோணும், வேற ஆளே கெடையாது. பதினஞ்சு வருசத்துல ஒரு கண்ணாலத்துல முழுசா ஒக்காந்து பந்தி சாப்புட்டதில்லீங்க. அதை நான் பெருமைன்னு நெனச்சுட்டிருந்தேன் பாருங்க" என்றார்.

அந்தக் கேள்வியை அவர் வாயால் மட்டும் கேட்கவில்லை. ஒரு முறை மோடம் நின்றுபோனது. அக்காவுக்குப் பதினாலு தடவை போன் போட்டேன், எடுக்கவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நானும் அன்வர் பாயும் பழைய குறிப்புகளை வரி வரியாகப் படித்து இரண்டு மணி நேரத்தில் சரி செய்தோம். மூன்றாம் நாள் அக்கா கூப்பிட்டார்.

"எங்கக்கா போனீங்க? ஆஸ்பத்திரியோ என்னமோன்னு பதறிப்போயிட்டேன்."

"எங்கயும் போகலீங்க. போனை எதுத்தாப்புல வெச்சுட்டு ஒக்காந்துதான் இருந்தேன். நீங்களே பண்ணிப்போடறீங்களான்னு பாத்தேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு நாள் பேசவில்லை. மனுஷன் துடிப்பதைப் பார்த்துக்கொண்டு ஒருத்தரால் சும்மா உட்கார முடியுமா? அவரும் சுலபமாக உட்காரவில்லை என்று சரசு பிறகு சொன்னார். அன்றைக்கு மாட்டுக்குத் தண்ணி காட்டவே மறந்துவிட்டாராம். அது தெரிந்த பிறகும் எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. இந்த அம்மாள் எதைக் கொண்டு எப்போது சோதிப்பார் என்று தெரியாது.

அடுத்த சோதனையை அக்கா வைக்கவில்லை. நானே வைத்துக்கொண்டேன்.

அன்று வியாழக்கிழமை. மதியமே சரசு குழுவில் எழுதியிருந்தார்: காட்டோரத்தில் ஐந்து யானை, குட்டியோடு, காலையிலிருந்து நகரவில்லை. பொழுது சாய்ந்தால் ஓடைக்கு இறங்கும். ஓடைக்கு அந்தப் பக்கம் இருபது பெண்கள் வெங்காயம் அறுக்கப் போயிருந்தார்கள். ஐந்தரைக்கு வேலை முடிந்து ஓடைத் தடத்தில்தான் வீட்டுக்கு நடந்து வருவார்கள்.

பெட்டி ஒருவருக்குப் பின் ஒருவராகத்தான் போன் போடும். இருபது பேரைக் கூப்பிட நேரமாகும். அங்கே புதிதாக மாட்டியிருந்த இரண்டாவது மோடத்தையும் சேர்த்து வேகமாகக் கூப்பிடும் புது நிரல் ஒன்று என்னிடம் தயாராக இருந்தது. இன்றைக்கே போட்டுவிடலாம் என்று ஒரு துடிப்பு. நாலு மணிக்கு கம்பெனியில் டீ நேரத்தில் உள்ளே நுழைந்தேன். பழைய நிரலை நிறுத்தினேன். புதியதற்காக ஃபயர்வாலில், அதாவது வெளியிலிருந்து யார் உள்ளே வரலாம் என்று பார்க்கும் காவலில், இரண்டு வரி மாற்றினேன்.

காவலை மாற்றினால் உடனே வெளியேறக் கூடாது என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். முதல் சன்னல் திறந்திருக்கும்போதே இரண்டாவது சன்னலில் நுழைந்து பார்க்க வேண்டும். நுழைய முடிந்தால்தான் முதல் சன்னலை மூட வேண்டும். இதை நான் எத்தனை பேருக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன்! அந்த நேரம் பார்த்து மேனேஜர் வந்தார். மடிக்கணினியைப் படக்கென்று மூடினேன், திறந்திருந்த அந்த முதல் சன்னலும் அதோடு மூடிக்கொண்டது. அவர் போன பின் திறந்தேன். பெட்டி என்னை உள்ளே விடவில்லை. திரும்பவும் முயன்றேன். அன்வர் பாயை முயலச் சொன்னேன். யாரையும் விடவில்லை. பழைய நிரல் நின்றுவிட்டது, புதிய நிரல் ஓடவில்லை, கதவையும் சாத்தியாகிவிட்டது. மணி நாலு நாற்பது.

அக்காவைக் கூப்பிட்டேன். அவர் அன்னூரிலிருந்து சரசு வீட்டுக்குப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. சரசுவையும் அதே அழைப்பில் சேர்த்துக்கொண்டார்.

"சரசு கண்ணு, பெட்டிக்கு முன்னால போயி ஒக்காரு."

"ஒக்காந்துட்டேனுங்க. அக்கா, நீங்க சொல்லச் சொல்ல நான் தட்டறேன்."

"நான் சொல்ல மாட்டேன் கண்ணு. செவுத்துல ஒட்டியிருக்கற தாளைப் படி."

அந்தத் தாளை நான் பார்த்திருக்கிறேன். பெட்டி கெட்டுப்போனால் என்ன செய்வது என்று ஆறு வரி, பெரிய எழுத்தில், அக்கா கையால் எழுதியது. கடைசி வரியில் பழையபடி என்று ஒரு கட்டளை. அதைத் தட்டினால் கடைசியாகச் செய்த மாற்றத்துக்கு முந்தின நிலைக்குப் பெட்டி தானே திரும்பிவிடும். ஆனால் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து தட்ட வேண்டும்.

"அக்கா, அந்தத் தடத்துல இருபது பேரு வரப்போறாங்க! இங்க பரீட்சையா வெக்கறீங்க? ரெண்டு நிமிஷத்துல நானே சொல்லிடறேன், சரசு, நீங்க..."

"தம்பி, நீங்க பேசாதீங்க." அப்படி அதட்டி நான் கேட்டதில்லை. "நான் பஸ்ஸுல இருக்கறேன். லைன் எப்ப வேணா போயிரும். நீங்க பதட்டத்துல என்ன சொல்லுவீங்கன்னு உங்களுக்கே தெரியாது. பாதி எங்க வாயிலயும் பாதி தாளுலயும் இருந்தா அவ நடுவுல நின்னுபோவா. தாளு எங்கயும் போகாதுங்க. படி கண்ணு, சத்தமாப் படி."

சரசு படித்தார். முதல் வரி: உங்கள் பெயரைத் தட்டுங்கள். ஒற்றை விரலில் தட்டினார், ஒவ்வொரு பொத்தானும் எனக்குக் கேட்டது. இரண்டாம் வரி: பாஸ்வேர்டு. தட்டினார். தப்பு என்றது பெட்டி. இரண்டாம் முறையும் தப்பு. "நான் சரியாத்தானுங்க தட்டறேன்" என்று அழுகை வந்துவிட்டது சரசுவுக்கு. அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்காவின் லைன் போய்விட்டது. அழைப்பைச் சேர்த்தவர் அவர், அதனால் எனக்கும் சரசுவுக்கும் போய்விட்டது.

திரும்பப் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. சரசுவுக்குப் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கம்பெனி மொட்டை மாடிக்கு ஓடினேன், எதற்கு என்று தெரியவில்லை. அங்கிருந்து மலை தெரியும். மலையைப் பார்த்து என்ன செய்ய? அந்த இருபது பேரில் யாருக்கு என்ன ஆனாலும் அது என் கை செய்தது. அந்தப் பெண்கள் யாரையும் நான் பார்த்ததில்லை. பட்டியலில் எண்களாகத்தான் அவர்களைத் தெரியும், அந்தப் பட்டியலும் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டது. ஐந்து பத்து. ஐந்து பதினைந்து.

மாடியிலேயே மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே போ, உள்ளே போ என்று தட்டிக்கொண்டிருந்தேன். ஐந்து இருபத்திரண்டுக்குத் திரை ஒரு கணம் நின்றது. "வாங்க. சாப்டீங்களா?" என்றது.

நான் போட்ட சத்தத்தில் கீழே கேன்டீன்காரர் எட்டிப் பார்த்தார். போன் அடித்தது, சரசு.

"அண்ணா, பெட்டி உங்களை உட்டுருச்சுங்களா?"

"உட்டுருச்சு சரசு! என்ன பண்ணுனீங்க?"

"தெனமும் தொடைக்கறப்ப அந்த கீபோர்டுல ஒரே ஒரு லைட்டுத்தானுங்க எரியும். இன்னைக்கு ரெண்டு எரிஞ்சுது. காலையில நாந்தான் துணியில அழுத்தித் தொடைச்சுப்போட்டேன். எந்தப் பொத்தான்னு ஒவ்வொண்ணா அமுத்திப் பாத்து அணைச்சேன். அதுக்கப்பறம் உட்டுருச்சு. பொறவு தாளுல இருக்கறதைத் தட்டுனேன். போனு அடிச்சுது, எடுத்தா எழுத்து மறந்துருமுன்னு எடுக்கலீங்க."

கேப்ஸ் லாக், அடிக்கும் எழுத்தையெல்லாம் பெரிய எழுத்தாக்கிவிடும் பொத்தான். எங்கள் எட்டுப் பேரில் யாருக்கும் அந்த நேரத்தில் அது தோன்றியிருக்காது. ஐந்து முப்பத்தைந்துக்கு, தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்ற ரங்கசாமி யானைகள் ஓடையில் இறங்குவதைப் பார்த்துப் பெட்டியைக் கூப்பிட்டார். பெட்டி ஒவ்வொருவராக இருபது பேருக்கும் போன் போட்டது. தடத்தில் பாதி தூரம் வந்திருந்த பெண்கள் திரும்பி ஒரு மோட்டார் அறையில் போய் நின்றார்கள். வனத்துறை ஆட்கள் வந்து யானைகளை மேலே ஏற்றிவிடும் வரை அங்கேயே இருந்து வெங்காய விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்களாம். ஒரு கீறல் இல்லை.

அக்கா உக்கடத்தில் பஸ் மாறும்போதுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. "சரசா? அவளேவா? நீங்க ஒண்ணும் சொல்லலீங்களா? சத்தியமா?" என்று என்னைக் குறுக்கு விசாரணை செய்தார். பிறகு பஸ் ஸ்டாண்டு இரைச்சலுக்கு மேலே அவர் சிரிப்புக் கேட்டது. என் தப்பை நான்தான் குறிப்பில் எழுதினேன், ஒளிக்காமல். அதற்குக் கீழே அடுத்த நாள் அக்கா ஒரு வரி சேர்த்திருந்தார்: "இனிமே ஃபயர்வாலை யாரு மாத்துனாலும், அஞ்சு நிமிசத்துல சரின்னு சொல்லலைன்னா தானா பழையபடி ஆயிருமுங்க. தம்பி தப்பு பண்ணப்போயித்தான் இது தோணுச்சு."

அந்த வாரக் கடைசியில் அக்கா குழுவில் எழுதினார்: சத்தியமங்கலம் மலைப் பக்கம் ஒரு ஊரில் இதே மாதிரி பெட்டி வேண்டுமென்று கூப்பிடுகிறார்கள், போகிறேன். இங்கே என் சாவியை எடுத்துவிடுங்கள். எங்கள் சட்டப்படி ஒருவர் சாவியை எடுக்க மற்ற இருவர் சம்மதிக்க வேண்டும். சரசு சரி என்றுவிட்டார். இன்னொரு ஆள் நானாம். அக்காவே கேட்டார்.

நான் முடியாது என்றேன். சாவி பாட்டுக்கு ஒரு மூலையில் கிடக்கட்டும், யாருக்கு என்ன நஷ்டம்? அக்கா தினமும் கூப்பிட்டார். "தம்பி, பொழங்காத சாவி கெடந்தா அது திருட்டுக்கு வழிங்க. அதுக்கும் மேல, சாவி இருந்தா நீங்க என்னைத்தான் கூப்புடுவீங்க. நானும் ஓடி வருவேன். அப்பறம் இதுவும் மில்லுதான்." பத்து நாள் தாக்குப்பிடித்தேன். அவர் சொன்னது சரி என்று முதல் நாளே தெரியும். எனக்கு அவர் வேண்டும், அவ்வளவுதான். அதை அப்படியே சொன்னேன். பின்னால் பால் பீய்ச்சும் சத்தம் நின்றது. "எனக்கும் அப்படித்தானுங்க இருக்குது. அதனாலதான் சீக்கிரம் எடுங்கறேன்" என்றார்.

ஞாயிறு காலை மூன்று பேரும் போனில் இருந்தோம். பெட்டியின் முன்னால் சரசு, சிங்காநல்லூரில் நான், அன்னூரில் அக்கா. நான் சரி என்று எழுதினேன். சரசு ஒற்றை விரலில் கட்டளையைத் தட்டுவதை எழுத்து எழுத்தாக என் திரையில் பார்த்தேன். பெட்டி ஒரு முறை கேட்டது, நிச்சயமா என்று. சரசுவின் விரல் நின்றது.

"தட்டு கண்ணு" என்றார் அக்கா.

தட்டினார்.

சாவியை எடுத்தால், எடுத்தது சரிதானா என்று பார்க்காமல் விடக் கூடாது. அதைச் சரிபார்க்க ஒரே ஒருவரால்தான் முடியும். அக்கா அவர் வீட்டிலிருந்து பெட்டிக்குள் நுழைய முயல்வது போனில் கேட்டது, கடகடவென்று, பதினைந்து வருடப் பழக்கத்தின் வேகத்தில். ஒரு தடவை தட்டினார். இரண்டாம் தடவை தட்டினார். மூன்றாம் தடவை இன்னும் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக.

பிறகு அக்கா கத்தினார். அத்தனை சந்தோஷமாக அவர் குரலை நான் கேட்டதே இல்லை.

"உள்ள உடமாட்டேங்குதுங்க! தம்பி, கேட்டீங்களா, என்னையவே உள்ள உடமாட்டேங்குது!"